பிரியந்தியின் நீண்ட மூச்சு

பிரியந்திக்கு மூச்சு நீளம். இதைக் கண்டுபிடித்தது டொக்டர்மார் இல்லை, மொன்றியலில் இருக்கும் மன்னார்ச் சனங்கள்.

ஒக்டோபர் மாதம் முழுவதும் மடு மாதாவின் சுரூபம் ஒன்று அவர்களுக்குள் வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு நாள். மாதா வந்த வீட்டில் எல்லோரும் கூடிச் செபமாலை சொல்வார்கள். முடிவில் மாதாவின் பிரார்த்தனை வரும். மாதாவுக்குரிய ஐம்பது சொச்சப் பட்டங்களை ஒருவர் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்ல, மற்றவர்கள் ஒவ்வொன்றுக்கும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்ல வேண்டும். முதல் சொல்பவருக்கு இருபதாவது பட்டத்தில் தொண்டை கட்டும், முப்பதில் இருமல் வரும். பதில் சொல்பவர்களுக்கு அந்தக் கஷ்டமில்லை. அடுப்பில் கிடக்கும் கடலையை நினைத்துக்கொண்டும், முன்னால் இருப்பவரின் சேலைக்கரையைப் பார்த்துக்கொண்டும் வாயை அதன் பாட்டுக்கு விட்டுவிடுவார்கள். நித்திரையில் தட்டி எழுப்பி ஒரு பட்டத்தைச் சொன்னாலும் அந்த வாய்களிலிருந்து பதில் வரும்.

பதினொரு வயதில் ஒருநாள், முதல் சொல்பவருக்குக் காய்ச்சல் என்று புத்தகத்தைப் பிரியந்தியின் கையில் கொடுத்தார்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் புண்ணியத்தில் அவளுக்கு எழுத்துக் கூட்டாமல் வாசிக்க வரும். ஐம்பதையும் ஒரே சுருதியில், ஒரு மிடறு தண்ணீர் குடிக்காமல், தாளம் தப்பாமல் சொல்லி முடித்தாள். பதில் சொன்னவர்களுக்குத்தான் மூச்சு வாங்கியது. அதன்பிறகு ஒக்டோபர் வந்தால் போதும், "சவிரிமுத்தண்ணையின்ரை பெட்டையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று எல்லா வீட்டிலிருந்தும் கேட்கத் தொடங்கினார்கள். அவளுக்கோ அது வெட்கக்கேடு. வகுப்புத் தோழிகள் மாலையில் மெட்றோ வாசலில் நின்று கதைக்கும்போது இவள் மட்டும் பாவாடை கட்டிக்கொண்டு பிரார்த்தனை சொல்லப் போக வேண்டும்.

சவிரிமுத்து யார் என்று சொல்லிவிடுகிறேன். பிரியந்தியின் தகப்பன். மன்னாரில் அரசாங்க எழுதுவினைஞராக இருந்தவர். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் மூன்றாம் மாடி வீட்டிலிருந்து தினமும் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வேலைக்குப் போவார். எங்கே வேலை என்று கோயிலில் யாரும் கேட்டால், "புவாண்ட்-கிளேரிலை. ஒபிஸ்" என்பார். முழுப்பொய் என்று சொல்ல முடியாது. அந்த இடத்தில் ஓர் ஒபிஸ் இருந்தது. அதற்குள்ளால் நடந்து போய், உடுப்பு மாற்றும் அறையில் கழுத்துப்பட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, பின்னால் இருக்கும் சாமான் கிட்டங்கியில் எட்டு மணித்தியாலம் பெட்டி தூக்குவார். பின்னேரம் வந்து குப்புறப் படுப்பார். பிரியந்தி முதுகுக்குத் தைலம் தேய்த்துவிடுவாள். அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார், அவளும் கேட்கமாட்டாள். வீட்டுக்குள் இருக்கும் கதை வீட்டுக்குள் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைப்பது என்பார்களே, அந்தக் கலையில் மன்னார்ச் சனம் யாருக்கும் சளைத்ததல்ல.

தாய் அக்னெசுக்குக் கார்டெரியில் வேலை. சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் வேலை, பூப்போன்ற வேலை என்று எல்லோரும் சொன்னார்கள். அக்னெஸ் மறுத்துச் சொன்னதில்லை.

ஃபாபியென் இந்தக் கதைக்குள் வந்தது 2002 இல். ஹெய்த்திக்காரப் பிள்ளை, ஒரே வகுப்பு. அவளிடம் ஒரு பழைய தாளப்பெட்டி இருந்தது. பொத்தானைத் தட்டினால் மேளம் கொட்டும். ஒருநாள் பிரியந்தியின் வீட்டுக்குப் படிக்க வந்தவள், அறைக்குள் பிரியந்தி அன்றைய பிரார்த்தனையை ஒருதரம் ஓட்டிப் பார்ப்பதைக் கேட்டுக் கதவடியில் நின்றுவிட்டாள். ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் விரல் தன்பாட்டில் கதவில் தாளம் போட்டது.

"நீ எங்கே மூச்சு எடுக்கிறாய்?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"அவர்கள் பதில் சொல்லும்போது."

"பதில் இல்லாவிட்டால்?"

பிரியந்தி யோசித்தாள். அதை ஒருவரும் அவளிடம் கேட்டதில்லை. "இல்லாவிட்டாலும் போகும்" என்றாள்.

அப்படித்தான் தொடங்கியது. ஃபாபியென் தாளம் தட்ட, பிரியந்தி பிரெஞ்சில் எழுதிச் சொன்னாள். பாட்டில்லை, பேச்சுமில்லை, இரண்டுக்கும் நடுவில் ஓடும் ராப். அந்த நாளில் பையன்களின் ராஜ்ஜியம் அது. மேடைக்கு ஒரு பெட்டை ஏறினால் முன்வரிசையில் சிரிப்பார்கள், அதுவும் எண்ணெய் வைத்துப் பின்னிய தலையோடு ஏறினால் கேட்கவே வேண்டாம். பள்ளிக்கூட விழாவில் சிரித்தார்கள். இளைஞர் மன்றத்தின் வெள்ளிக்கிழமை மேடையில் இரண்டாம் நிமிஷத்தோடு சிரிப்பு நின்றது. ஐந்தாறு மாதத்தில் ஃபாபியென் வைத்த பெயரால், மூச்சு என்று பொருள்படும் சூஃப்ல் என்ற பெயரால், அவளைத் தேடி வரத் தொடங்கினார்கள். அவர்கள் கத்துவது அவளுக்குப் பிடித்திருந்தது. மிகவும் பிடித்திருந்தது. இரவில் படுத்தாலும் காதுக்குள் கேட்டது.

வீட்டில் தெரியுமா என்றால், தெரியும், தெரியாது. பாட்டுப் போட்டி என்று சொல்லியிருந்தாள். 2003 ஒக்டோபரில் நகரத்துப் பெரிய போட்டி வந்தது. பதினாறு வயதென்பதால் தகப்பன் கையெழுத்து வைக்க வேண்டும்.

"படிப்பு குறையக்கூடாது, கோயில் குறையக்கூடாது" என்றார் சவிரிமுத்து. "எங்களைத் தலைகுனிய வைக்கிற மாதிரி ஒண்டும் இருக்கக்கூடாது. இருந்துதெண்டால் அண்டையோடை பாட்டு முடிஞ்சுது. விளங்கிச்சுதோ?"

"ஓம் அப்பா."

படிவம் பிரெஞ்சில் இருந்தது. வாசிக்கவில்லை. பெற்றோரின் தொழில் என்ற கட்டத்தில் மட்டும், தனக்கு மனப்பாடமாயிருந்த பிரெஞ்சில், அலுவலக ஊழியர் என்று அழகாக எழுதிக் கையெழுத்து வைத்தார்.

இறுதிப் போட்டி ஒரு சனிக்கிழமை பின்னேரம், ஒரு தேவாலயத்தின் அடித்தளத்து மண்டபத்தில். இந்த நகரத்தில் தேவாலயத்தின் நிலவறையில் என்னதான் நடப்பதில்லை? பிங்கோ நடக்கும், பழைய உடுப்பு விற்பார்கள், குங்ஃபூ பழக்குவார்கள். ஆனால் நம்முடைய சனங்களுக்குத் தெரிந்த ஒரே நிலவறை தங்கள் பங்குக் கோயிலினுடையது. அங்கே ஞானோபதேசமும் திருநாள் சாப்பாடும் தவிர வேறொன்றும் கிடையாது. போட்டியின் துண்டுப் பிரசுரத்தின் மேலே இடம் தெரிவதற்காகக் கோபுரத்தின் படம் போட்டிருந்தார்கள். அக்னெஸ் அந்தப் படத்தைப் பார்த்தாள். கோயில் என்ற பிரெஞ்சுச் சொல்லையும் கண்டுகொண்டாள். போட்டிக்கு முந்தின ஞாயிறு பூசை முடிந்ததும், மகள் மாதா பாட்டுப் போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டாள் என்று வாசலில் வைத்துச் சொன்னாள். வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்தது.

அந்தச் சனிக்கிழமைதான் மாதா கோட்-தெ-நேஜ் பகுதியில் ஒரு வீட்டிலிருந்து சவிரிமுத்து வீட்டுக்கு வரவேண்டிய நாள். வழியில் மாதாவைத் தனியே விடக்கூடாது என்பது வழக்கம். வான் வண்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவது என்ற பேச்சுக்கே இடமில்லை. வான் அருமைநாதனுடையது. துறைமுகத்தில் ஏதோ கண்காணிப்பு வேலை செய்வதாகச் சொல்லிக்கொள்பவர். அவர்தான் ஒரு வழி சொன்னார்.

"அதுக்கென்னண்ணை? கோயிலிலை தானே போட்டி? மாதாவையும் கொண்டு போவம். பிள்ளைக்கும் ஆசீர்வாதம். முடியப் பிள்ளையையும் ஏத்திக்கொண்டு நேரை வீட்டை போவம்."

எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது.

பிரியந்திக்கு இதொன்றும் தெரியாது. அன்று முதல் இரண்டு சுற்றும் அவள் எழுதிக் கொண்டுபோன பிரெஞ்சில் ஓடின. மண்டபம் கத்தியது. கடைசிச் சுற்றில் சீட்டு எடுக்க வேண்டும். அதில் வரும் பொருளைப் பற்றி, எழுதாமல், அந்த இடத்திலேயே இரண்டு நிமிஷம் சொல்ல வேண்டும். வெல்பவரின் குரல் ஒலிப்பதிவுக் கூடத்தில் இசைத்தட்டாகும். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அவள் எடுத்த சீட்டில் 'வேலை' என்று இருந்தது.

ஃபாபியென் தாளத்தைத் தொடங்கினாள். பிரியந்தி ஒலிவாங்கியைத் தூக்கினாள்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. படிக்கட்டில் மணி கேட்டது. அவளுக்குத் தெரிந்த மணி. கதவு திறந்தது. முதலில் மணி அடித்துக்கொண்டு ஒருவர், பிறகு மெழுகுதிரியோடு இரண்டு பெண்கள், பிறகு நீலப் பட்டுப் போர்த்திய மாதாவை நெஞ்சோடு அணைத்தபடி அருமைநாதன், அவருக்குப் பின்னால் சேலையும் கோட்டுமாக முப்பது பேர். நடுவில் கழுத்துப்பட்டியோடு அப்பா.

மண்டபம் திகைத்தது. பிறகு கூட்டத்தில் இருந்த ஃபாபியெனின் தாய் எழுந்து சிலுவை அடையாளம் போட்டாள். அதைக் கண்டு ஒரு பையன் தொப்பியைக் கழற்றினான். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். நம்முடைய ஆட்கள், இது நல்ல பக்தியுள்ள பிள்ளைகள் கூடுகிற இடம்தான் என்று திருப்தியோடு தலையாட்டிக்கொண்டு, மூன்றாம் வரிசையை நிரப்பி நின்றார்கள்.

தாளம் ஓடிக்கொண்டிருந்தது. பிரியந்தியின் வாயில் பிரெஞ்சு இல்லை. ஆங்கிலமும் இல்லை. எல்லாம் போய்விட்டது. இன்றோடு முடிந்தது என்று மட்டும் நினைத்தாள். கண்ணுக்கு முன்னால் மாதாவும் மெழுகுதிரியும் தெரிந்தன. வாய்க்கு அந்த இரண்டையும் கண்டால் ஒரு வேலைதான் தெரியும். ஆறு வருஷப் பழக்கம். குரல் தானாகப் பிரார்த்தனைச் சுருதிக்கு இறங்கியது. கையில் இருந்த சீட்டோ 'வேலை' என்றது.

"முதல் மெட்றோ பிடிக்க ஓடுகின்ற கால்களே!"

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றன முப்பது வாய்கள்.

அவர்கள் யோசித்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அதற்குள் அடுத்தது வந்துவிட்டது.

"ஊரார் பிள்ளைக்குச் சோறூட்டும் கைகளே!"

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

ஃபாபியென் தாளத்தைப் பதிலுக்கு ஏற்ற மாதிரி மாற்றிப் போட்டாள். அவளுடைய தாய்க்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. தங்கள் மொழியில் அதே பதிலைச் சொன்னாள். ஹெய்த்திக்காரர் பகுதி முழுவதும் சேர்ந்துகொண்டது.

"துறைமுகப் பனியில் லொறி பின்னெடுக்கும் தோள்களே!"

அருமைநாதனின் வாய் பதில் சொல்லிவிட்டு அப்படியே திறந்திருந்தது.

பிரியந்திக்குப் பயம் போய்விட்டது. மூச்சு நிறைந்து நின்றது. மண்டபம் முழுவதும் அவள் கையில் இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் மனிதருக்குக் கண் மறைக்கும் என்று சும்மா சொல்லவில்லை.

"புவாண்ட்-கிளேர்க் கிட்டங்கியில் பெட்டி சுமக்கும் முதுகே! கழுத்துப்பட்டி கழற்றி வைத்துக் குனிகின்ற முதுகே!"

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!"

ஒருவர் மட்டும் சொல்லவில்லை. சவிரிமுத்து தன்னுடைய கழுத்துப்பட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முப்பது தலைகளும் மெதுவாக அவர் பக்கம் திரும்பின. பிரியந்தி அதைக் கண்டாள். அப்போதுதான் தான் என்ன சொன்னாள் என்பது அவளுக்கு உறைத்தது. மிச்ச நேரத்தை எப்படி ஓட்டினாள் என்று பிறகு எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை.

முதல் பரிசு வேறொரு பையனுக்குப் போனது. கடைசிச் சுற்றில் ஆள் தனியாகச் சொல்ல வேண்டும், இவளுக்கு மண்டபமே சேர்ந்து சொன்னது என்றார்கள் நடுவர்கள். நியாயந்தான். இவளுக்குக் கிடைத்த இரண்டாம் பரிசு ஒரு தொப்பி. ஆனால் ஒலிப்பதிவுக் கூடத்துப் பெண்மணி மேடைக்குப் பின்னால் வந்து ஒரு படிவத்தைக் கொடுத்தாள். அந்தக் கடைசித் துண்டைப் பதிவுசெய்ய வேண்டும், அந்தத் தமிழிலேயே. திங்கட்கிழமைக்குள் தகப்பனின் கையெழுத்தோடு வா என்றாள். பிரியந்தி அதை நான்காக மடித்துக் கோட்டுப் பையில் வைத்தாள். இனி யாரிடம் நீட்டுவது?

வான் வீட்டை நோக்கி ஓடியது. அப்பா முன் ஆசனத்தில் மாதாவை மடியில் வைத்திருந்தார். அவருடைய பிடரி மட்டும் தெரிந்தது. அடித்திருந்தால் நல்லது என்று பிரியந்தி நினைத்தாள். ஏசியிருந்தால்கூட அழுதிருக்கலாம்.

வீட்டில் மாதாவை அலங்கரித்த மேசையில் வைத்தார்கள். எல்லோரும் இருந்தார்கள். யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. செபமாலை முடிந்தது. பிரார்த்தனையைப் பிரியந்தி சொன்னாள். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பதினைந்தாவது பட்டத்தில் குரல் உடைந்தது. பிறகு மன்றாட்டு. அவரவர் மனத்தில் உள்ளதை வாய்விட்டுச் சொல்லும் நேரம். வழக்கமாக உலக சமாதானத்துக்காகவும் பிள்ளைகளின் பரீட்சைக்காகவும் மன்றாடுவார்கள். அன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"நான் ஒருத்தற்றை பிள்ளைக்கும் சோறூட்டிறேல்லை" என்றது ஒரு குரல்.

அக்னெஸ். கண்ணை மூடிக்கொண்டு, கையைக் குவித்தபடி இருந்தாள்.

"கார்டெரியிலை நான் நிலம் துடைக்கிறன். பிள்ளையள் போன பிறகு. முழங்காலிலை நிண்டு துடைக்கிறன். என்ரை முழங்காலுக்காக ஆண்டவரை மன்றாடுவம்."

பிரியந்தி நிமிர்ந்து பார்த்தாள். அம்மா மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பது, பாதி வழியில் நின்று சாவியைத் தேடுவது போலப் பாசாங்கு செய்வது, எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. அப்பாவின் முதுகு அவளுக்குத் தெரியும். அம்மாவின் முழங்காலை அவளுக்கும் மறைத்திருந்தார்கள்.

பதில் வரவில்லை. எல்லோரும் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். சவிரிமுத்து மனைவியை நெடுநேரம் பார்த்தார். அவருக்கும் அது புதுச் செய்திதான். பிறகு, வீடே அதிரும் குரலில், தனியாகச் சொன்னார்.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

அதன்பிறகு அணை திறந்த மாதிரித்தான். அருமைநாதன் தான் கண்காணிப்பாளரில்லை, லொறி ஓட்டுகிறவன் என்றார்; பனியில் பின்னெடுக்கும்போது பயம், அந்தப் பயத்துக்காக மன்றாடச் சொன்னார். "அது உனக்கெப்பிடிப் பிள்ளை தெரிஞ்சது?" என்று இடையில் கேட்டார். "தெரியாது மாமா, சும்மா வந்தது" என்றாள் பிரியந்தி. செபத்துக்கு நடுவில் யாரோ சிரித்தார்கள். ஒரு பெண் கோழி வெட்டும் விரல்களுக்காக மன்றாடினாள். வங்கியில் வேலை என்று சொல்லிக்கொண்டிருந்த ஒருவர் வங்கிக் கண்ணாடி துடைக்கும் தோள்பட்டைக்காக மன்றாடினார். பிரார்த்தனையைவிட மன்றாட்டு நீண்டுபோனது அன்று ஒருநாள்தான். கடலை ஆறிப்போயிருந்தது. எல்லோரும் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

ஞாயிறு பின்னேரம் சவிரிமுத்து வழமைபோலக் குப்புறப் படுத்தார். பிரியந்தி தைலத்தோடு வந்து பக்கத்தில் இருந்தாள். தேய்க்கவில்லை.

"அப்பா, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. வேணுமெண்டு சொல்லேல்லை. வாயிலை வந்திட்டுது."

அவர் தலையணைக்குள் இருந்த முகத்தை அவள் பக்கம் திருப்பினார்.

"எனக்கு வெட்கமாய்த்தான் இருந்தது" என்றார். "இப்பவும் இருக்கு. அது உன்னாலை இல்லை. ஆறு வருஷமாய் அந்தப் பட்டியைக் கட்டி... சரி விடு. கோட்டுப் பைக்கை ஒரு பேப்பர் வைச்சிருக்கிறியாம். ஃபாபியென் ரெலிபோனிலை அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறாள். கொண்டுவா."

எழுந்திருந்து மூக்குக்கண்ணாடியைப் போட்டார். இந்த முறை படிவத்தை வாசித்தார். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, எழுதுவினைஞர் வாசிக்கிற மாதிரி, ஒவ்வொரு வரியாகப் பென்சிலால் புள்ளி வைத்து வாசித்தார். ஒன்றேகால் மணித்தியாலம் எடுத்தது. சமையலறையிலிருந்து அக்னெஸ் எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, கையெழுத்து வைக்க முன்னம் பிள்ளையிட்டைச் சொல்லுங்கோ. பாட்டிலை முதுகு வந்திட்டுது, தோள் வந்திட்டுது. என்ரை முழங்கால் வராட்டி நான் விடமாட்டன்."

"வரும் அம்மா" என்றாள் பிரியந்தி. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததில் மூக்கு ஒழுகியது.

பெற்றோரின் தொழில் என்ற கட்டத்துக்கு வந்ததும் சவிரிமுத்துவின் பேனை நின்றது.

"பிள்ளை, கிட்டங்கியிலை பெட்டி தூக்கிறவனுக்குப் பிரெஞ்சிலை என்ன சொல்லுறது?"

"மனுத்தான்சியோனேர்."

"அம்மாடி! ஒபிஸை விட நீளமாயெல்லே இருக்கு. ஒவ்வொரு எழுத்தாய்ச் சொல்லு பாப்பம்."

அவள் சொன்னாள். அவர் ஒவ்வொரு எழுத்தையும் அச்சடித்த மாதிரி எழுதினார். சொல் கட்டத்துக்குள் அடங்கவில்லை. கோட்டைத் தாண்டி, பக்கத்து வெளியிலும் எழுதி முடித்துவிட்டு, கீழே கையெழுத்து வைத்தார்.